கை கழுவத் தண்ணீர்

அம்மாவின் விரல்களில் ரேகை இல்லை. ரேஷன் கடையில் அந்தச் சின்னக் கருவி மேல் கட்டைவிரலை வைப்பாள். எடுக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைப்பாள். எடுக்காது. "ஆத்தா, தலையில நல்லாத் தேச்சுட்டு வைங்க" என்பார் கடைக்காரர். நரைத்த முடியில் விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அந்த வரிசையில் அம்மாவைப் போல இன்னும் நாலைந்து பேர் உண்டு, எல்லாரும் சித்தாள் வேலைக்குப் போனவர்கள். கடைசியில் என் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். புதுக்கோட்டையில் ஏதாவதொரு தளத்தின் மேல் நின்றுகொண்டு நான் அந்த எண்ணைச் சொல்வேன். அம்மாவுக்கு அரிசி கிடைக்கும்.

இருபத்தாறு வருடம் கான்கிரீட் சட்டி பிடித்த கை அது. ஈரச் சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்ட ரேகை. நான் அதே தொழிலில் சூப்பர்வைசராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். கலவை போடும் இடத்தில் என்னென்ன ஆபத்து, எதை எப்படித் தடுப்பது என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இப்போது என் வேலைதான். சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் கண்முன் வந்து நிற்கிறது.

எங்கள் ஊர் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில், வெட்டவெளியில் தனியாக நீண்டு கிடக்கும் பாறைக் குன்று. மேலே ஏழடிப்பட்டம். இயற்கைக் குகைக்குள் பதினேழு கல் படுக்கைகள். சமண முனிவர்கள் படுத்தவை. ஒன்றின் ஓரத்தில் பழைய தமிழி எழுத்து வெட்டியிருக்கும். மேற்குச் சரிவில் அறிவர் கோயில். அதன் விதானத்தில் தாமரைக் குளம், குளத்துக்குள் மீன், அன்னம், யானை, எருமை, இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது.

சின்ன வயதில் மாடு மேய்க்கும் சாக்கில் நாங்கள் கோயிலுக்குள் போவோம். உள்ளே நல்ல குளிர்ச்சி. தூணில் ஆடும் பெண்ணைத் தொட்டுப் பார்க்க யாராவது கையை நீட்டினால் காவலர் கத்துவார்: "டேய், கை வைக்காதடா! வேர்வை பட்டாச் சுண்ணாம்பு உதுந்துரும்!" பாறை மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, அதன் மேல் இன்னும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்துத்தான் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதை ஆராய்ந்து எழுதியது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அன்றைக்குக் காவலர் சொன்னது மட்டும் மனதில் நின்றது. கை பட்டால் சுண்ணாம்பு கெடும். ஆனால் மலையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், சுண்ணாம்பு கெடுத்த ஆட்களோடுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

தாத்தாவுக்கு ஒரு கண் வெள்ளையாக இருக்கும். பக்கத்து ஊர்களில் பெரிய வீடு கட்டும்போதெல்லாம் சுண்ணாம்பு நீற்றப் போனவர் அவர். சுட்ட கல்லைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழியே சீறும். நீராவி எழும்பும், கல் வெடித்து மாவாகும், குழம்பு நாலாபக்கமும் தெறிக்கும். நீளக் கழி கொண்டு கிண்டுவார்கள். ஒருநாள் தெறித்தது கண்ணுக்குள் போய்விட்டது. ஊரில் என்ன வழக்கமோ அதைச் செய்தார்கள். பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுத் தாய்ப்பால் பீய்ச்சினார்கள், பிறகு விளக்கெண்ணெய் விட்டார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை என்று நான் பெரியவனானபின் கேட்டேன். "சுண்ணாம்புல தண்ணி பட்டாக் கொதிக்குமேப்பா. கண்ணுக்குள்ள கொதிக்க விடுவாகளா?" என்றார்.

எவ்வளவு நியாயமான பயம் பாருங்கள். அவர் கண்ணால் தினமும் பார்த்த உண்மையிலிருந்து பிறந்த பயம். அந்தப் பயம்தான் கண்ணையும் பறித்தது. சுட்ட கல்லில் கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால்தான் கொதிப்பு. கண்ணில் விழுந்ததை விடாமல் ஓடும் தண்ணீரில் கழுவினால் சூடும் போகும், காரமும் போகும். கண்ணின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கட்டியைத் துணி நுனியால் எடுத்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிடம் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தண்ணீர் கிடைக்கிற இடத்திலேயே கழுவாமல் வண்டி தேடி ஓடினால், வழியிலேயே காரம் கருவிழியைத் தாண்டி உள்ளே போய்விடும். சுண்ணாம்பு போய்ச் சிமென்ட் வந்த பிறகும் இந்த ஒன்றில் மாற்றம் இல்லை. ஆட்களிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது தாத்தாவின் கண்ணைத்தான்.

புதுக்கோட்டை 1974-ல் தனி மாவட்டம் ஆனது. அதன் பிறகு ஆபீஸ் கட்டடம், பள்ளிக்கூடம், குடியிருப்பு என்று ஊரைச் சுற்றி வேலை நடந்தது. அம்மா சித்தாளாகப் போனாள். லீவு நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போவாள். வேப்பமரத்துக் கிளையில் தொட்டில். தொட்டிலை ஆட்டிக்கொண்டே நான் கலவை போடுவதை வேடிக்கை பார்ப்பேன்.

அன்றைக்கு மிஷின் கிடையாது. செங்கல் பாவிய தரையில் மணலைக் கொட்டி, அதன் மேல் சிமென்ட் மூட்டையைப் பிரித்துக் கவிழ்ப்பார்கள். இரண்டு பெரியாட்கள் எதிரெதிரே நின்று மம்பட்டியால் புரட்டுவார்கள். காய்ந்தபடியே மூன்று புரட்டு. சாம்பல் நிறம் ஒரே சீராக வந்ததும் ஜல்லியைப் பரப்பி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு மூன்று புரட்டு. ஆடி மாதக் காற்றில் அந்த முதல் மூன்று புரட்டும் ஆட்களை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். புருவம், மூக்குமுடி, காது மடல் எல்லாம் சாம்பல். வாயில் தலைத்துண்டைக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் காப்பு.

அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். வேலை தொடங்குமுன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை முழங்கை வரைக்கும், பாதத்திலும் தடவுவாள். எல்லாச் சித்தாள்களும் தடவுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு அது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன், ஆனால் அது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஈரச் சிமென்ட் கடுமையான காரம். அமில காரத்தை அளக்கும் அளவுகோலில் நம் தோல் ஐந்தரை அளவில் இருக்கிறது என்றால் ஈரச் சிமென்ட் பன்னிரண்டரை, பதின்மூன்றில் இருக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு காய்ச்சுகிறவர்கள் செய்வதும் அதுதான். தோல் மேல் தடவிய எண்ணெயைக் காரம் சோப்பாக்கிவிட்டு, அடுத்து தோலில் இயற்கையாக இருக்கும் பசையையும் எடுத்துவிடும். அதே எண்ணெயை அவர்கள் சாயங்காலம், கையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு தடவியிருந்தால் பலன் இருந்திருக்கும்.

ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு தொட்டி. கலவைக்கு அதிலிருந்துதான் மொள்ளுவார்கள். மம்பட்டியை அதில்தான் கழுவுவார்கள். சட்டியை அதில்தான் முக்குவார்கள். மதியம் அந்தத் தொட்டித் தண்ணீர் மோர் மாதிரி இருக்கும். அதில் கையை அலசிவிட்டுத்தான் அம்மா தூக்குவாளியைத் திறப்பாள். சிமென்ட்டைக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டு கைகளைக் காரத்தில் முக்கி எடுத்திருக்கிறாள், இருபத்தாறு வருடம்.

சிமென்ட்டில் இன்னொரு வஞ்சகம் உண்டு. நெருப்பைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்கும். ஈரச் சிமென்ட் உடனே சுடாது. குளுகுளுவென்றுதான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, ராத்திரி படுத்த பிறகு எரியும். முழங்காலை ஈரக் கலவையில் ஊன்றி மட்டம் தட்டிய கொத்தனார் ஒருவருக்கு மறுநாள் காலையில் முட்டிச் சதை கறுத்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தில் அவருக்கு வலியே இல்லை.

அம்மாவுக்கு விரல் இடுக்கில் புண் வந்தது. சிமென்ட் புண் என்பார்கள். முதலில் வேலைக்குப் போகிற நாளில் மட்டும் வந்தது. போகப் போகச் சும்மா இருக்கிற நாளிலும் அரித்தது. பாத்திரம் துலக்க முடியாது, புளி கரைக்க முடியாது. காரம் எரித்த புண் ஒரு வகை, இது வேறு வகை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சிமென்ட்டில் மிகச் சிறிய அளவில் குரோமியம் இருக்கிறது. சூளையின் சூட்டில் அது தண்ணீரில் கரைகிற, தோலுக்குள் புகுகிற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விடாது. டென்மார்க்கில் 1981-லேயே சிமென்ட்டில் இரும்பு சல்பேட்டைக் கலந்து அந்தக் குரோமியத்தை அடக்கினார்கள். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் அதற்குப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அன்னவாசலிலும் இலுப்பூரிலும் நான் பிரித்த எந்த மூட்டையிலும் அப்படி ஒரு குறிப்பை இதுவரை பார்த்ததில்லை. அம்மா சட்டி தூக்கப் போன காலத்திலேயே அந்தப் புண்ணுக்கு மருந்து சிமென்ட்டுக்குள் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு நாட்டில். நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

பிறகு மிஷின் வந்தது. பத்துக்கு ஏழு என்று சொல்வோம். பத்து கனஅடி காய்ந்த பொருளைப் போட்டால் ஏழு கனஅடி ஈரக் கான்கிரீட் கொடுக்கும் கலவை மிஷின். டீசல் எஞ்சின், பொருளைத் தூக்கி உள்ளே கொட்டும் ஹாப்பர், சுழலும் டிரம். மம்பட்டி பிடித்துப் புரட்டியவர்களின் இடுப்பு தப்பியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையால் கலந்தபோது கலக்குகிறவரின் மூச்சுக்குத் தகுந்த வேகத்தில் வேலை நடந்தது. மிஷின் வந்தபின் மிஷினின் வேகத்துக்கு ஆட்கள் ஓட வேண்டியதாயிற்று.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி வீடு, ஐந்து அங்குலத் தளம். கான்கிரீட் கிட்டத்தட்ட 12 கனமீட்டர். எடை ஏறக்குறைய 29 டன். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவையில் தொண்ணூறு மூட்டைக்கு மேல் சிமென்ட். சட்டிக்கு 18 கிலோ என்று வைத்தால் ஆயிரத்து அறுநூறு சட்டி. காலை ஏழு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிக்க இருபது நொடிக்கு ஒரு சட்டி போக வேண்டும். சாரத்தில் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றும்போது ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொருவர் கையிலும் ஏறி இறங்கும். ஆகவே 29 டன்னும் ஒவ்வொரு பெண்ணின் கை வழியாகவும் போகிறது. பத்துப் பெண்கள் நின்றால் பங்கு போட்டுக்கொள்வதில்லை, பத்துப் பேரும் முழு எடையையும் தூக்குகிறார்கள். அம்மா நின்ற இடம் பெரும்பாலும் வரிசையில் நடுவில். கீழே குனிந்து வாங்கி மேலே நிமிர்ந்து கொடுக்கிற இடம்.

சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஐரோப்பாவில் பல நாடுகளில் 25 கிலோப் பைதான் விற்கிறார்கள், முதுகு ஒன்றுதான் இருக்கிறது என்ற காரணத்துக்காக. நம் ஊரில் அந்த 50 கிலோவை ஓடிக்கொண்டே முதுகில் கொண்டுவந்து ஹாப்பர் மேல் போட்டு, மம்பட்டி நுனியால் வயிற்றைக் கிழித்து, முகத்துக்கு நேரே உதறுகிறார்கள்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு, அது நியாயமான காரணமும்கூட. தளம் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. போட்டது இறுகிய பிறகு பக்கத்தில் புதிதாகப் போட்டால் இரண்டும் ஒட்டாது, அந்தக் கோட்டில் மழைத்தண்ணீர் ஒழுகும். ஆகவே மேஸ்திரிக்கு அன்று முழுக்க வாயில் ஒரே சொல்: "நிப்பாட்டாத!" கான்கிரீட் நாளின் விபத்துகளில் பாதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்பது என் அனுபவம்.

1996-ல் நான் பொறுப்பாக நின்ற ஒரு வேலையில் அப்படி ஒரு விபத்து நடந்தது. ஹாப்பரைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் இழை பிரிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். கையுறையில் சிக்கி இழுத்தது. "சாயங்காலம் மாத்திக்கலாம், இப்ப நிப்பாட்டாத" என்று நானே சொன்னேன். ஹாப்பர் இறங்கும் குழியில் சிந்தின ஜல்லி சேர்ந்துவிடும், அதை அவ்வப்போது வாரியாக வேண்டும். ஹாப்பர் மேலே இருக்கும்போது ஒரு பையன் குழியில் இறங்கி வாரினான். பத்தொன்பது வயது. கயிறு விட்டுவிட்டது. சத்தம் கேட்டு நான் திரும்பியபோது ஹாப்பர் கீழே இருந்தது, டிரம் அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. உயிர் தப்பியது.

ஹாப்பரைத் தூக்கி நிறுத்தினால் சங்கிலி போட்டுச் சட்டத்தோடு பூட்ட வேண்டும், பூட்டாமல் அதன் கீழே யாரும் கையையோ காலையோ வைக்கக்கூடாது, டிரம்முக்குள் கரண்டி விடுவதானால் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி உள்ளே போகிறவரின் பையில் இருக்க வேண்டும். அந்தச் சங்கிலியின் விலை அன்றைக்கு ஒரு ஆள் கூலிகூட இருக்காது. அந்தப் பையன் இப்போது அன்னவாசல் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். நான் போனால் எழுந்து, கட்டையை ஊன்றிக்கொண்டு, "வாங்கண்ணே" என்று டீ சொல்வான். ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் தருகிற டீயைக் குடிக்கும்போதெல்லாம் அது என் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

அதன் பிறகு கான்கிரீட் நாளன்று நான் செய்கிற முதல் காரியம் கயிற்றைத் துணியால் உருவிப் பார்ப்பது. இழை பிரிந்திருந்தால் துணியில் சிக்கும். சிக்கினால் அன்று தளம் இல்லை. வீட்டுக்காரர் பூசணிக்காய் உடைத்து, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டார் என்றாலும் இல்லை. இரண்டு பேர் என்னைத் திட்டி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். போகட்டும்.

கைப்பிடி போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிறவனுக்கும் ஒரு பாடம் உண்டு. கட்டைவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தால், எஞ்சின் பின்னடித்துக் கைப்பிடி திரும்பும்போது மணிக்கட்டு ஒடியும். சின்ன விஷயம்தான், யாராவது ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. சக்கரத்துக்குத் தகர மூடி இருக்கும், கிரீஸ் போடக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவதில்லை.

2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் பலர். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த வாரங்களில் என்னிடம் வீடு கட்டக் கொடுத்தவர்கள் எல்லாரும் "நம்ம கட்டடம் நிக்குமாங்க?" என்று கேட்டார்கள். அதைக் கேட்கத்தான் வேண்டும். சென்ட்ரிங் முட்டு மண்ணில் நிற்கிறதா, பலகையின் மேல் நிற்கிறதா, செங்கல்லை அடுக்கி உயரம் கூட்டியிருக்கிறார்களா என்றும் சிலர் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் முந்நூறு கிலோவுக்கு மேல் ஈரக் கான்கிரீட்டும், அதன் மேல் ஆட்களும் நிற்பார்கள், அந்த முட்டுகள்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஆனால் சட்டி பிடிக்கிறவர்களின் கை என்ன ஆகிறது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. ஒரே நாளில் 61 பேர் போனால் தெரிகிறது. இருபத்தாறு வருடத்தில் பத்து விரல் போனால் தெரிவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-லேயே வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. பல வருடம் தெருவில் நின்று போராடிய கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் வாங்கிக் கொடுத்தது அது. அம்மாவின் பெயரும் வாரியத்தில் இருக்கிறது. 1996-ல் நாடு முழுமைக்குமான கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. கண்ணுக்கு, கைக்கு, காலுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதன் விதிகளில் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்காக இருந்தது. பத்து லட்சத்துக்குள் சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டிய வீட்டுக்கு அது பொருந்தவில்லை. அம்மா தன் வயதில் பாதியைக் கழித்தது அப்படிப்பட்ட வீடுகளில்தான். தளம் போடுகிற ஒரே ஒரு நாளில் அங்கே இருபது, இருபத்தைந்து பேர் நிற்பார்கள். அடுத்த நாள் கொத்தனாரும் சித்தாளும் மட்டும்.

போன தை மாதம் ஊரிலேயே ஒரு வேலை. மலைக்குத் தெற்கே, சொந்தக்காரர் வீட்டுத் தளம். ஊருக்குள் ரெடிமிக்ஸ் லாரி வராது, தெரு அகலம் போதாது. ஆகவே லிஃப்ட் வைத்த கலவை மிஷின். சட்டி வரிசை கிடையாது, பெட்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் கொட்டும். அம்மா திண்ணையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "ஒத்தை ஆளு இல்லாம மேல போயிருதே, அப்பவே வந்திருக்கக் கூடாதா" என்றாள்.

ஆட்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று ஜோடி. எல்லாருக்கும் தலையில் மஞ்சள் ஹெல்மெட், மேலே ஆரஞ்சுச் சட்டை. பார்க்க நிறைவாக இருந்தது. காலைப் பார்த்தேன், ரப்பர் செருப்பு. கையில் துணிக் கையுறை. துணிக் கையுறையை நான் கழற்றச் சொல்லிவிடுவேன். அது கலவைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைத்திருக்கும், வெறும் கையே மேல். முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையும் என் வண்டியில் ஒரு மூட்டை எப்போதும் கிடக்கும்.

ஆற்று மணல் கிடைப்பது அரிதாகி எம்-சாண்ட் வந்துவிட்டது. பாறையை உடைத்து அரைத்த மணல். எங்கள் மாவட்டத்தில் கிரஷருக்குப் பஞ்சமில்லை. காய்ந்த எம்-சாண்டை மம்பட்டியால் வாரும்போது எழும்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் ஆபத்து. அந்த நுண்ணிய கல்தூள் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கி, வடுவாகி, மூச்சைச் சுருக்கிவிடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-லேயே முதல் வரிசையில் வைத்துவிட்டது. தலைத்துண்டு அதைத் தடுக்காது. முதல்நாள் சாயங்காலமே மணல் குவியலில் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். மிஷினைக் காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினோம். டிரம்மில் முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் ஜல்லி, அதற்குப் பிறகுதான் சிமென்ட். மூட்டையைக் கிழிக்கிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தாழ்வாக வைத்துக் கவிழ்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

கான்கிரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. வயரில் நடுவே ஒட்டுப் போட்டு டேப் சுற்றி, அந்த ஒட்டு நனைந்த சென்ட்ரிங் தகட்டின் மேல் கிடந்தது. ஈரக் கம்பிக் கூட்டின் மேல் ஈரக் காலோடு நிற்கிறவனுக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை. ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, நான் கொண்டுபோகிற பெட்டியில் இணைத்தேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும் சுவிட்ச் அதில் இருக்கிறது. "இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு" என்றான் எலக்ட்ரீசியன் தம்பி. அவனை உட்காரவைத்துச் சோதனைப் பட்டனை அமுக்கிக் காட்டினேன்.

நூறு லிட்டர் டிரம் இரண்டு. ஒன்று நீலம், கலவைக்கு. ஒன்று சிவப்பு, அடியில் குழாய் வைத்தது, கை கழுவ. பக்கத்தில் சோப்பு, பழைய வேட்டித் துணி. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் கழித்து எனக்குத் தெரிந்ததில் இதுதான் பெரியது. ஆனால் இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பதினோரு மணிக்கு லாரித் தண்ணீர் தாமதமாகும். மேஸ்திரி நிப்பாட்டாத என்பார். யாராவது சிவப்பு டிரம்மில் வாளியை விடுவார்கள். ஒரு வாளி, இரண்டு வாளி, மதியத்துக்குள் டிரம் காலி. நான் தளத்தின் மேல் நின்றால் கீழே நடப்பது தெரியாது. எத்தனையோ இடத்தில் இப்படித் தோற்றிருக்கிறேன்.

அன்றும் தண்ணீர் தாமதமானது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி வாளியோடு சிவப்பு டிரம்மை நோக்கிப் போனார். அங்கே அம்மா இருந்தாள். எப்போது திண்ணையை விட்டு இறங்கினாள் என்று தெரியவில்லை. டிரம்மை ஒட்டி ஒரு செங்கல்லைப் போட்டு, கைத்தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தா, ரெண்டு வாளிதான். தண்ணி வந்ததும் ரொப்பிடுறேன்."

"இது கை கழுவுற தண்ணிய்யா."

"கான்கிரீட்டு நின்னு போயிருமே."

"நிக்கட்டும்" என்றாள் அம்மா.

மேஸ்திரி மேலே என்னைப் பார்த்தார். நான் மிஷினை நிறுத்தச் சொன்னேன். பதினைந்து நிமிடம். போட்ட வரைக்கும் விளிம்பில் ஈரச் சாக்கை மூடி வைத்தோம். எல்லாரும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்தார்கள். லாரி வந்தது, வேலை தொடர்ந்தது, தளத்துக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒடிசாப் பெண் ஒருத்தி, இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு நீல டிரம் பக்கம் போனாள். அம்மா தடியால் தரையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது. "ஹாத் தோ லோ" என்று நான் மேலேயிருந்து இந்தியில் கத்தினேன். அதற்குள் அம்மா குழாயைத் திறந்து, அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரல் இடுக்காக விரித்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.